வீடு இழந்த பெண்களுக்கு முகாம் மட்டும் போதுமா?

நாலு சுவர், ஒரு கதவு, உள்ளே ஒரு தாழ்ப்பாள். வீடு என்றால் ஒரு பெண்ணுக்கு முதலில் அதுதான். சோறும் துணியும் அதற்குப் பிறகு.

பிழைப்புக்காக வெளி மாநிலம் வந்து, ஒண்டுக்குடித்தனத்தில் காலம் தள்ளும் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்துக் குடும்பத்துக்கு ஒரு கழிப்பிடம். விடியற்காலையில் வாளியோடு வரிசை. வயசுக்கு வந்த மகள் குளிக்கப் போனால் தாய் வெளியே காவல் நிற்க வேண்டும். ஆனாலும் அறைக்குத் திரும்பினால் தாழ்ப்பாள் இருக்கிறது. வாடகை ரசீதும் ரேஷன் கார்டும் பெட்டியில் இருக்கின்றன.

ஒரே இரவில் அந்தத் தாழ்ப்பாளும் பெட்டியும் போய்விட்டால் என்ன ஆகும்? மணிப்பூரில் 2023 மே மாதம் சுமார் 60 ஆயிரம் பேருக்கு அதுதான் நேர்ந்தது.

மே 3 முதல் நடந்தது

மணிப்பூரின் நடுவே பள்ளத்தாக்கு, சுற்றிலும் மலை. பள்ளத்தாக்கில் மெய்தி மக்கள் அதிகம். மலைகளில் குக்கி-சோ இனத்தாரும் நாகர்களும் வசிக்கின்றனர். மெய்தி மக்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் பிரச்சினையில் 2023 மே 3-ந் தேதி மலை மாவட்டங்களில் ஊர்வலம் நடந்தது. அன்றே மெய்திகளுக்கும் குக்கிகளுக்கும் இடையே கலவரம் மூண்டது. அடுத்து வந்த மாதங்களில் 250-க்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தனர். பள்ளத்தாக்கில் இருந்த குக்கிகள் மலைக்கு ஓடினர். மலையில் இருந்த மெய்திகள் பள்ளத்தாக்குக்கு ஓடினர். நடுவில் ராணுவமும் துணை ராணுவமும் காவல் நிற்கும் எல்லைக்கோடு விழுந்தது.

இரு தரப்பிலும் வீடு இழந்தவர்கள் பள்ளிக்கூடங்கள், கல்லூரிகள், விளையாட்டு அரங்குகள், சமூகக் கூடங்களில் அடைக்கலம் புகுந்தனர். 300-க்கும் மேற்பட்ட முகாம்கள் ஏற்பட்டன. முதல் நாட்களில் அடுப்பு மூட்டிச் சோறு போட்டவர்கள் பெரும்பாலும் ஊர்க் கிளப்புகள், சர்ச்சுகள், பெண்கள் சங்கங்களைச் சேர்ந்தவர்களே. அரசின் அரிசியும் பருப்பும் பிறகு வந்து சேர்ந்தன.

உயிர் பிழைத்தது பெரிது. ஆனால் ஒரே கூடத்தில் பல குடும்பங்கள். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே தொங்கியது ஒரு போர்வை அல்லது பழைய சேலை. அந்தச் சேலைக்குப் பின்னால்தான் கர்ப்பிணியும், பிள்ளை பெற்றவளும், பதினான்கு வயதுப் பெண்ணும் மாதக்கணக்கில், பலர் ஆண்டுக்கணக்கில், வாழ வேண்டி வந்தது.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு முகாம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நமது நாட்டிலேயே விதி இருக்கிறது. 2005-ம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-ல் நிவாரணத்துக்கான குறைந்தபட்ச அளவுகளை வகுத்தது. ஒருவருக்கு மூன்றரைச் சதுர மீட்டர் இடம். அதாவது ஆறடிக்கு ஆறடியை விடச் சற்றுக் கூடுதல். குடிக்க நாளைக்கு 3 லிட்டர் தண்ணீர். 30 பேருக்கு ஒரு கழிப்பிடம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிக் கழிப்பிடம், தனிக் குளிப்பிடம். மாதவிலக்கு நாட்களுக்கான நாப்கின் கொண்ட பொட்டலம். கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பான பிரசவ ஏற்பாடு. இவ்வளவும் அதில் உண்டு.

உலக அளவில் நிவாரண அமைப்புகள் பின்பற்றும் அளவு இன்னும் கண்டிப்பானது. 20 பேருக்கு ஒரு கழிப்பிடம். அதிலும் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. அது படுக்கும் இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

பெண்களுக்கு ஏன் மூன்று? இதைச் சலுகை என்று நினைக்கிறவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பள்ளிக்கூட முகாமில் 300 பேர் என்று வைத்துக் கொள்வோம். பள்ளிக்கூடத்தில் ஏற்கனவே உள்ள கழிப்பிடம் மூன்று. ஒன்றுக்கு 100 பேர். ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 500 நிமிடம். ஒரு சுற்று முடியவே 8 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆண்கள் வேலியோரம் ஒதுங்கி விடுவார்கள். பெண்கள் இருட்டும் வரை காத்திருப்பார்கள்.

அந்தக் காத்திருப்பில்தான் நோயும் ஆபத்தும் ஆரம்பமாகின்றன. இரவில் வெளியே போகப் பயந்து பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். சிறுநீரை அடக்குகிறார்கள். நீர்த்தாரையில் கிருமி சேர்கிறது. கர்ப்பிணிக்கு அது வந்தால் குறைப்பிரசவம் வரை கொண்டு போய்விடும். மாதவிலக்குத் துணியை வெயிலில் காயப்போட மறைவான இடம் இல்லாவிட்டால் ஈரத்தோடு மறுபடியும் உடுத்த வேண்டி வருகிறது. அதனால் வரும் புண்ணையும் அரிப்பையும் ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சம். பெண் நர்சு வாரத்துக்கு ஒரு நாள் வந்தால்கூட இந்த வியாதிகள் பாதி தீர்ந்து விடும்.

இதற்குப் பெரிய பணம் தேவை இல்லை. கதவு, உள்தாழ்ப்பாள், ஒரு விளக்கு, ஒரு பெண் காவலர். முகாம் நடத்துகிறவர்களின் பட்டியலில் அரிசி மூட்டைக்கு அடுத்தபடியாக இவை வராததுதான் குறை.

பிரசவம் காத்திருக்காது

கலவரம் ஓயட்டும் என்று வயிற்றில் உள்ள குழந்தை காத்திருப்பதில்லை. எந்த ஊரிலும் நூறு பிரசவங்களில் சுமார் பதினைந்தில் ஏதாவது சிக்கல் வரும் என்பது மருத்துவக் கணக்கு. அப்போது ரத்தமும் ஆபரேஷன் அறையும் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரும் வேண்டும்.

மணிப்பூரில் பெரிய ஆஸ்பத்திரிகள் இருப்பது இம்பாலில். சுராசந்த்பூரிலிருந்து இம்பால் சுமார் 60 கிலோ மீட்டர்தான். கலவரத்துக்கு முன்பு இரண்டு மணி நேரப் பயணம். எல்லைக்கோடு விழுந்த பிறகு ஒரு குக்கிப் பெண் அந்த ரோட்டில் போக முடியவில்லை. மிஜோரம் மாநிலத்துத் தலைநகர் ஐஸ்வாலுக்கு மலைப்பாதையில் நீண்ட பயணம் போக வேண்டும். இல்லாவிட்டால் ஹெலிகாப்டர் கிடைக்க வேண்டும். மலையில் வேலை பார்த்த மெய்தி டாக்டரும், பள்ளத்தாக்கில் வேலை பார்த்த குக்கி நர்சும் தங்கள் இடத்துக்குத் திரும்ப முடியாத நிலை. சிகிச்சை அளிப்பவர்களும் அகதிகளாகி விட்டார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. எச்.ஐ.வி. பாதிப்பு விகிதம் அதிகமாக உள்ள மாநிலங்களில் மணிப்பூரும் ஒன்று. அந்த மருந்தை ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட வேண்டும். வீட்டை விட்டு ஓடும்போது மாத்திரைச் சீட்டை எடுத்துக் கொண்டு ஓடுகிறவர்கள் எத்தனை பேர்? கர்ப்பிணியின் மருந்து அறுந்து போனால் நோய் குழந்தைக்கும் போகும் அபாயம் கூடுகிறது. பக்கத்துப் பாயில் படுத்திருப்பவருக்குத் தெரியாமல் மாத்திரை சாப்பிட முகாமில் இடமும் இல்லை.

72 மணி நேரமும் 14 நாட்களும்

2023 மே 4-ந் தேதி காங்போக்பி மாவட்டத்தில் ஒரு கும்பல் பெண்களை நிர்வாணமாக ஊர்வலம் விட்டது. அந்தக் காட்சி ஜூலை 19-ந் தேதி வெளியே வந்த பிறகுதான் நாடு அதிர்ந்தது. அடுத்த நாளே சுப்ரீம் கோர்ட்டு தானாக முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. முதல் கைதும் அன்றுதான்.

நடுவில் நடந்ததை கவனிக்க வேண்டும். சைக்குல் போலீஸ் நிலையத்தில் வழக்கு பதிவானது மே 18-ந் தேதி. சம்பவம் நடந்து 14 நாட்களுக்குப் பிறகு. எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் பதியலாம் என்ற முறையில் பதியப்பட்ட அந்தத் தகவல் அறிக்கை, சம்பவ இடத்துக்கு உரிய போலீஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர மேலும் ஒரு மாதம் ஆனது.

மருத்துவத்தின் கடிகாரம் வேறு. பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். பிறகு கொடுத்துப் பயன் இல்லை. கர்ப்பம் தங்காமல் தடுக்கும் மாத்திரைக்கு ஐந்து நாள் கெடு. அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 14 நாள் கழித்து வரும் போலீஸ் காகிதத்தை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகிறவளுக்கு இந்த இரண்டு கதவுகளும் மூடியிருக்கும்.

போலீசில் புகார் கொடுத்தால்தான் சிகிச்சை என்று சட்டம் சொல்லவில்லை. அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் உடனே இலவச சிகிச்சை தர வேண்டும் என்பது 2013-லேயே சட்டமாகி விட்டது. எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் பதியலாம் என்பதும் 2024 ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்த புதிய குற்ற விசாரணைச் சட்டத்தில் எழுத்திலேயே சேர்ந்து விட்டது. ஆனால் முகாமில் இருக்கும் பெண்ணுக்கு இதைச் சொல்வது யார்? சுவரில் ஒரு நோட்டீசு ஒட்டவும், அவள் பாஷையில் பேசும் ஒரு பெண்ணை நியமிக்கவும் சட்டம் திருத்த வேண்டியதில்லை.

நீதி கிடைக்கும் வேகத்துக்கு உத்தரப்பிரதேசம் ஓர் உதாரணம். முசாபர்நகர் கலவரம் 2013-ல் நடந்தது. 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடு இழந்தனர். அதில் ஒரு கூட்டுப் பலாத்கார வழக்கில் இருவருக்குத் தலா 20 ஆண்டு தண்டனை கிடைத்தது 2023 மே மாதத்தில். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அந்தப் பெண் கோர்ட்டுப் படி ஏறினார். அதே முசாபர்நகர் முகாம்களில், பெண் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியாது என்ற பயத்தில் பெற்றோர் அவசர அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்ததாகவும் அன்று செய்திகள் வந்தன. படிப்பு நின்று, பதினாறு வயதில் பிள்ளை பெறும் பெண்ணின் பெயர் எந்தக் கலவர நிவாரணப் பட்டியலிலும் வராது.

கோர்ட்டு செய்தது என்ன?

2023 ஆகஸ்டு 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மூன்று முன்னாள் பெண் நீதிபதிகளைக் கொண்ட குழுவை அமைத்தது. ஜம்மு-காஷ்மீர் ஐகோர்ட்டின் தலைமை நீதிபதியாக இருந்த கீதா மிட்டல் அதற்குத் தலைவர். ஷாலினி பன்சால்கர் ஜோஷி, ஆஷா மேனன் ஆகியோர் மற்ற இருவர். விசாரணையை மேற்பார்வையிட மராட்டிய போலீசின் முன்னாள் தலைவர் தத்தாத்ரே பட்சல்கிகர் நியமிக்கப்பட்டார்.

அந்தக் குழு முதலில் சுட்டிக்காட்டியவற்றில் முக்கியமானது காகிதம். வீடு எரிந்தபோது ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, நிலப்பட்டா, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் எரிந்து விட்டன. காகிதம் இல்லாதவருக்கு நஷ்டஈடு கிடையாது. வங்கிக் கணக்கு கிடையாது. ஏற்கனவே பதிவு செய்தவர்களுக்குச் சரிபார்த்து மறுபடி ஆதார் அட்டை வழங்கும்படி செப்டம்பர் மாதம் கோர்ட்டு உத்தரவிட்டது.

இதில் பெண்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. குடும்ப அட்டை கணவன் பெயரில். நிலம் மாமனார் பெயரில். கணவன் கலவரத்தில் செத்துப் போனால், அல்லது காணாமல் போனால், பணம் யார் கைக்குப் போகும்? உள்நாட்டிலேயே இடம் பெயர்ந்தவர்களுக்காக ஐக்கிய நாடுகள் சபை 1998-ல் வகுத்த 30 நெறிகளில் ஒன்று இதைத்தான் சொல்கிறது. பெண்களுக்கு அவர்கள் பெயரிலேயே ஆவணம் தர வேண்டும். நிவாரணப் பொருட்களைத் திட்டமிடுவதிலும் வினியோகிப்பதிலும் பெண்களுக்கு முழுப் பங்கு வேண்டும் என்று இன்னொரு நெறி சொல்கிறது.

சட்டம் எங்கே?

அந்த நெறிகள் யாரையும் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. ஆப்பிரிக்க நாடுகள் 2009-ல் உகாண்டா தலைநகர் கம்பாலாவில் கூடி, இடம் பெயர்ந்தோரைக் காக்க ஓர் ஒப்பந்தமே செய்து கொண்டன. 2012 முதல் அது அமுலில் இருக்கிறது. இந்தியாவில் இடம் பெயர்ந்தோருக்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை.

அதனால் ஒவ்வொரு கலவரத்துக்கும் ஒரு விலை. மிஜோரமிலிருந்து 1997-ல் விரட்டப்பட்டு திரிபுரா மாநில முகாம்களில் அடைபட்ட புரு இன மக்கள் 30 ஆயிரத்துக்கும் மேல். அவர்களுக்குக் கிடைத்தது பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 கிராம் அரிசியும் 5 ரூபாய் பணமும். ஒப்பந்தம் ஏற்பட்டது 2020 ஜனவரி 16-ல். முகாம் தொடங்கியபோது பிறந்த பெண் குழந்தைக்கு அப்போது 22 வயது. வளர்ந்து, மணமாகி, முகாமிலேயே தாயாகவும் ஆகியிருப்பாள். 'தற்காலிக முகாம்' என்ற சொல்லுக்கு நமது நாட்டில் இதுதான் அர்த்தம்.

அசாம் மாநிலத்தில் கோக்ரஜார் பகுதியில் 2012-ல் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு விட்டு ஓடினர். அவர்களுக்கு வேறு அளவு. மணிப்பூருக்கு வேறு அளவு. 2023-ல் அமுலில் இருந்த பேரிடர் சட்டத்தில் மனிதனால் ஏற்படும் பேரிடரும் அடங்கும் என்று எழுதியிருந்தது. ஆனால் வெள்ளம், புயல் என்றால் விதிப் புத்தகத்தைத் திறக்கும் அதிகாரிகள், கலவரம் என்றால் அதை போலீஸ் பிரச்சினையாகவே பார்க்கிறார்கள். வெள்ளத்தில் வீடு போனவளுக்கு ஒரு நீதி, நெருப்பில் வீடு போனவளுக்கு ஒரு நீதியா?

அரசுத் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்கும்போது முதல் வேலை உயிரைக் காப்பது. நிர்வாகமே இரண்டாகப் பிளந்து கிடந்தது. பின்னர் தகடுகளால் ஆன தற்காலிக வீடுகளும் கட்டப்பட்டன. முதல்-மந்திரி பைரேன் சிங் 2025 பிப்ரவரி 9-ந் தேதி ராஜினாமா செய்தார். 13-ந் தேதி ஜனாதிபதி ஆட்சி வந்தது. முகாம்களை அந்த ஆண்டு டிசம்பருக்குள் மூடும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பிரதமர் மோடி செப்டம்பர் 13-ந் தேதி சுராசந்த்பூருக்கும் இம்பாலுக்கும் சென்று, வீடு இழந்தவர்களுக்கு 7 ஆயிரம் வீடுகள் என்று அறிவித்தார். ஆனால் முதல் வாரத்தின் அவசரத்தைக் காரணம் காட்டி இரண்டாம் ஆண்டின் குறைகளை மன்னிக்க முடியாது.

தமிழருக்கு இதில் என்ன?

மணிப்பூரின் பர்மா எல்லையில் மோரே என்ற ஊர். அங்கே தமிழர்கள் இருக்கிறார்கள். தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அங்காளபரமேஸ்வரி கோவில் இருக்கிறது. பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்த பிறகு கடையும் நிலமும் பறிபோய் வெளியேறியவர்களின் வழி வந்தவர்கள். தமிழ்நாட்டுக்கு வந்தும் பிழைப்புக் கிடைக்காமல், மறுபடி பர்மாவுக்கே நடந்து போக முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கி விட்டார்கள். 2023 ஜூலையில் அந்த மோரேயிலும் வீடுகள் எரிந்தன.

1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது கர்நாடகத்திலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு ஓடி வந்ததை இன்னும் மறக்காதவர்கள் உண்டு. வெளி மாநிலத்தில் வாழ்கிறவருக்கு இடப்பெயர்வு தூரத்துச் செய்தி அல்ல.

மணிப்பூர் பெண்கள் பலர் வேலை தேடி டிமாப்பூருக்கோ கவுகாத்திக்கோ வந்து, அங்கிருந்து ரெயில் ஏறிப் பெருநகரங்களுக்கு வந்திருக்கிறார்கள். அழகு நிலையத்திலும் ஓட்டலிலும் அவர்களைப் பார்க்கலாம். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி அழைத்து வருகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள் அல்லர். ரெயில் நிலையத்தில் துணையின்றி விழிக்கும் பெண் பிள்ளையைக் கண்டால் 139 என்ற ரெயில்வே எண்ணுக்கோ, குழந்தைகளுக்கான 1098-க்கோ, பெண்களுக்கான 181-க்கோ ஒரு போன் செய்யலாம். ரெயில்வே பாதுகாப்புப் படையில் இதற்கென்றே தனிப் பிரிவு 2022 முதல் இயங்குகிறது. ஒரு ரூபாய் செலவில்லை.

செய்ய வேண்டியது

முகாம் எதனால் ஏற்பட்டாலும் 2016-ம் ஆண்டு அளவுகள் பொருந்தும் என்று மத்திய அரசு ஓர் உத்தரவு போட வேண்டும். ஒவ்வொரு முகாம் கமிட்டியிலும் பாதிப் பேர் அங்கே தங்கியிருக்கும் பெண்களாக இருக்க வேண்டும். 72 மணி நேர மருந்து மாவட்ட ஆஸ்பத்திரியோடு நின்று விடாமல் முகாமுக்கு வரும் மருத்துவ வண்டியிலும் இருக்க வேண்டும். நஷ்டஈடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் உள்ள கணக்கில் விழ வேண்டும். கர்ப்பிணிகள், விதவைகள், தனித்து விடப்பட்ட சிறுமிகள் ஆகியோருக்குத் தனிப் பதிவேடு வேண்டும். விதவைகளுக்கும் அனாதைகளுக்கும் அப்படி ஒரு பதிவேட்டை இன்றைய விதியே கேட்கிறது.

முகாமை மூடும் தேதியை அறிவிப்பது சுலபம். அங்கிருந்து கிளம்பும் பெண் எந்த வீட்டுக்குப் போகிறாள், அந்த வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, ராத்திரி யாராவது அதைத் தட்டினால் எந்தப் போலீஸ் நிலையம் அவள் புகாரை அன்றே எழுதிக்கொள்ளும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைக்கும் நாளில்தான் அவள் வீடு திரும்பியதாகக் கணக்கு.